ரோமானின் பதக்கம்

(திரைப்படச் சங்கம் ஒன்றின் ஞாயிறு திரையிடலுக்குப் பின் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படம் முடிந்ததும் கைதட்டினீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். மனம் இளகியிருக்கும் இந்த நேரத்திலேயே ஒரு விஷயத்தைப் பேசிவிட நினைக்கிறேன். நாம் சிரித்துச் சிரித்துப் பார்த்த இந்தக் கதைக்குள் ஒரு திருட்டு இருக்கிறது. உண்மையாகவே நடந்த திருட்டு. படத்தில் அது சட்டென்று வந்து போய்விடுகிறது. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் படத்தைப் பற்றி நாலு வார்த்தை. 'கம்பியோனெஸ்' 2018இல் ஸ்பெயினில் வெளியானது. இயக்கியவர் ஹவியேர் ஃபெஸ்ஸெர். அந்த ஆண்டு வந்த ஸ்பானியப் படங்களில் வசூலில் முதலிடம் இதற்குத்தான். மறு ஆண்டு கோயா விருதுகளில் சிறந்த படம் என்ற பரிசும் வந்தது. 2023இல் வுடி ஹாரல்சன் நடிக்க, அமெரிக்காவில் 'சாம்பியன்ஸ்' ஆனது. 2025 ஜூனில் அமீர் கான் நடித்து இந்தியில் 'சித்தாரே ஜமீன் பர்' ஆனது. அந்த இந்திப் படத்தை இயக்கியவர் நம்மவர். 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த ஆர்.எஸ்.பிரசன்னா.

கதையை இப்போதுதான் பார்த்தீர்கள், நீட்ட வேண்டாம். மார்கோ என்ற முன்கோபக்காரர், தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றின் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளரோடு மோதி வேலையை இழக்கிறார். குடித்துவிட்டுக் காரோட்டி, போலீஸ் வண்டியில் இடித்து, நீதிமன்றத்தில் நிற்கிறார். சிறைக்குப் பதிலாகச் சமூகசேவை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் 'லாஸ் அமிகோஸ்' அணிக்குத் தொண்ணூறு நாள் பயிற்சி தர வேண்டும். இந்தக் கற்பனைக்குப் பின்னால் ஓர் உண்மை அணியும் இருக்கிறது. வலென்சியாவை ஒட்டிய புர்ஹசோட் என்ற ஊரின் அதெரெஸ் அணி, 1999 முதல் 2014 வரையிலான காலத்தில் பன்னிரண்டு முறை ஸ்பெயின் சாம்பியன்.

இனி ரோமானுக்கு வருவோம். அணியிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவன் அவன்தான். ஆனால் மார்கோவிடம் பயிற்சி எடுக்க மாட்டேன் என்கிறான். எவ்வளவு கெஞ்சினாலும் அதே பதில். காரணம் பிறகு தெரியவருகிறது. ரோமான் 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியில் ஆடியவன். அந்தத் தங்கத்தை அவன் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் செய்த தவறுக்காக அல்ல.

ரோமான் கற்பனைப் பாத்திரம். சிட்னி கற்பனை அல்ல.

2000 அக்டோபரில் நடந்த அந்தப் போட்டியில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்து இறுதியாட்டத்தில் ஸ்பெயின் ரஷ்யாவை 87-63 என்று வென்றது. அணியில் பன்னிரண்டு பேர். அவர்களில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்கள் இரண்டே பேர்.

இதை வெளியே கொண்டுவந்தவர் அந்த அணியிலேயே ஆடிய ஒருவர், கார்லோஸ் ரிபகோர்தா. தொழிலால் பத்திரிகையாளர். இரண்டு ஆண்டுக்கும் மேலாக அந்த அணியோடு பயிற்சி எடுத்து, சிட்னி வரை போய், தங்கமும் வாங்கி வந்து, அடுத்த மாதமே 'கபிதால்' இதழில் எல்லாவற்றையும் எழுதினார். அணியில் சேர்ந்தபோது அவருக்கு வைத்த சோதனை ஆறு தண்டால்; பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அறிவுத்திறன் பற்றிய சோதனை ஏதும் கிடையாது. சீனாவோடு நடந்த ஆட்டத்தில் முப்பது புள்ளி முன்னிலை வந்ததும், கொஞ்சம் வேகத்தைக் குறைத்து ஆடுங்கள், இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயிற்சியாளர் சொன்னாராம். வெற்றிப் படம் நாளிதழில் வந்தது. தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஊர் திரும்பும்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தாடியோடு வாருங்கள் என்று வீரர்களுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்திகள் வந்தன.

நான் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். கூடைப்பந்து உயரத்தை மட்டும் நம்பிய ஆட்டம் அல்ல, முடிவெடுக்கும் ஆட்டம். பந்து கையில் வந்த அரை நொடியில், தட்டிக்கொண்டு போவதா, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பதா, எறிவதா என்று தீர்மானிக்க வேண்டும். எதிரி எங்கே திரும்புவான் என்று ஊகிக்க வேண்டும். 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறியாவிட்டால் பந்து கைமாறிவிடும். அறிவுசார் குறைபாடு உள்ள ஆட்டக்காரருக்குக் கடினமாக இருப்பது துல்லியமாக இந்த இடம்தான். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்து, ஒரே நகர்வை ஆயிரம் முறை செய்து பார்த்து, அந்தக் கடினத்தை ஓரளவு தாண்டிவந்த சீன வீரரையும் ரஷ்ய வீரரையும் நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்கும் பத்துப் பேருக்கு அந்தக் கடினமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தோற்றதற்குத் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்.

திருட்டுப் போனது தங்கம் மட்டும் அல்ல. ஸ்பெயினில் உண்மையிலேயே தகுதியுள்ள பத்துப் பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நேர்மையாக ஆடிய இரண்டு பேரிடமும் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. யாரை நம்புவது என்று தெரியாத நிலையில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் போட்டிகள் அனைத்தையும் பாராலிம்பிக் குழு நிறுத்திவைத்தது. ஓட்டம், நீச்சல், மேசைப்பந்து எல்லாமே. 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் அவர்களுக்குப் பதக்கப் போட்டிகள் இல்லை. தவறு செய்தவர்கள் குறைபாடு இல்லாதவர்கள். தண்டனை போய்ச் சேர்ந்தது குறைபாடு உள்ளவர்களுக்கு, அதுவும் உலகம் முழுவதும். இந்த மோசடி வழக்கு முடிய 2013 ஆயிற்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெயின் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஃபெர்னாண்டோ மார்ட்டின் விசென்டே குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம் 5,400 யூரோ. வாங்கிய அரசு மானியத்தையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்த ஸ்பானியப் பார்வையாளருக்கு ரோமானின் பிடிவாதம் வெறும் பிடிவாதமாகப் பட்டிருக்காது. அமெரிக்கப் படத்தில் இந்தக் காரணத்தை மாற்றிவிட்டார்கள். அங்கே ரோமானின் இடத்தில் வரும் பையனுக்குக் குறைபாடு வந்ததே குடிபோதையில் ஒருவன் ஓட்டிய வண்டியால். அதனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பயிற்சியாளரை அவன் ஏற்க மறுக்கிறான். நல்ல நாடகம்தான். ஆனால் ஒரு தனி மனிதனின் காயமாக அது சுருங்கிவிடுகிறது. ஸ்பானியப் படத்தில் ரோமானின் காயம் ஒரு நாட்டின் அவமானம். தன் நாட்டின் அவமானத்தை நகைச்சுவைப் படத்துக்குள் வைத்து, அதை முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரையரங்குக்கு வரவழைத்துப் பார்க்கவைத்தாரே ஃபெஸ்ஸெர், அந்தத் துணிச்சலுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

சிட்னியில் ஆடுகளத்தில் நடந்தது திரையில் வெகுகாலமாக நடந்துவருகிறது. குறைபாடு உள்ளவர்களின் இடத்தில் மற்றவர்கள் நிற்கிறார்கள். நம் சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் '16 வயதினிலே' சப்பாணி, 2011இல் 'தெய்வத் திருமகள்' கிருஷ்ணா. இரண்டையும் ரசித்தவன் நான். கமல்ஹாசனின் உழைப்பையோ விக்ரமின் உழைப்பையோ குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. இவர்களை சிட்னியில் ஏமாற்றியவர்களோடு ஒப்பிடவும் மாட்டேன். நடிகர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இத்தனை பாத்திரங்கள் எழுதப்பட்டனவே, அவற்றில் ஒன்றில் நடித்துப் பார் என்று உண்மையான ஒரு சப்பாணியை யாராவது கூப்பிட்டதுண்டா?

ஃபெஸ்ஸெர் கூப்பிட்டார். நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து, பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். தேர்வானவர்களின் பேச்சு, நடை, பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் கவனித்துப் பாத்திரங்களைத் திருத்தி எழுதினார். அணியின் ஒரே பெண் கொயாந்தெஸாக வரும் குளோரியா ராமோஸைப் பாருங்கள். வாயைத் திறந்தால் பட்டாசு. எதிரணியையும் விடமாட்டாள், சொந்தப் பயிற்சியாளரையும் விடமாட்டாள். பரிதாபப்பட யாருக்கும் அவகாசமே தராத பாத்திரம் அது. இந்திப் படத்திலும் இந்த வழியையே பின்பற்றினார்கள். அணியின் பத்துப் பேரும் குறைபாட்டோடு வாழ்பவர்கள்.

ஒரு சிறு விவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அணியில் ஒருவனான மரீனாக நடித்த ஹெசூஸ் விதாலுக்கு அறிவுசார் குறைபாடு கிடையாது. அவருக்குப் பார்வைக் குறைபாடு. பத்து சதவீதப் பார்வைதான் இருக்கிறது. இலக்கியமும் இதழியலும் படித்தவர். அப்படியானால் அவரும் இன்னொருவரின் இடத்தில் நிற்கிறாரா என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. அந்த மனிதர் அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

படத்தில் மார்கோவின் மனைவிக்குக் குழந்தை வேண்டும். மார்கோவுக்குப் பயம். பிறக்கும் குழந்தைக்குக் குறைபாடு இருந்துவிட்டால்? அந்தப் பயம் ஆட்டக்காரர்களுக்குப் புரிந்துவிடுகிறது. அப்போது மரீன் சொல்வதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எங்களைப் போல ஒரு பிள்ளை பிறப்பதை நானும் விரும்பமாட்டேன், ஆனால் உன்னைப் போல ஓர் அப்பா இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறான். அரங்கம் முழுவதும் உருகும் இடம். நீங்களும் உருகினீர்கள். எனக்கு அந்த வசனத்தில் ஒரு நெருடல் உண்டு. தன்னைப் போன்றவர்கள் பிறக்காமல் இருப்பதே நல்லது என்று அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு, நம் கண்ணீரை வாங்கிக்கொள்கிறது படம்.

2019 பிப்ரவரியில் செவில் நகரில் கோயா விருது விழா. சிறந்த புதுமுக நடிகர் விருது ஹெசூஸ் விதாலுக்கு. மேடையேறி, குறைபாடு உள்ள ஒரு நடிகனுக்கு இந்த விருதைத் தந்திருக்கிறீர்களே, என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என்று தொடங்கினார். உள்ளடக்கம், பன்மை, கண்ணுக்குப் புலப்படுதல் என்று மூன்றைக் குறிப்பிட்டார். கடைசியில் தன் பெற்றோரிடம் பேசினார். எனக்கு என்னைப் போலவே ஒரு பிள்ளை வேண்டும், ஏனென்றால் எனக்கு உங்களைப் போன்ற பெற்றோர் இருக்கிறார்கள் என்றார். படத்தில் தான் பேசிய வசனத்தை நாடே பார்த்துக்கொண்டிருக்க அவரே திருத்தினார். திரைக்கதை எழுதியவர்களால் போக முடியாத தூரத்துக்கு நடிகர் போனார். அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காவிட்டால் அந்தத் திருத்தமும் கிடைத்திருக்காது.

படத்தில் இன்னொரு குறையும் உண்டு. கதையின் நாயகன் கடைசிவரை பயிற்சியாளர்தான். கெட்டுப்போனவன் திருந்துகிறான், திருத்துவதற்கு இந்தப் பத்துப் பேர்.  சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், 2014இல் ஆற்றிய ஓர் உரையில், நான் உங்களுக்கு உத்வேகம் தருவதற்காகப் பிறந்தவள் இல்லை என்று சொன்னார். இந்தப் படத்துக்கும் அந்த மறுப்பு பொருந்தும். ரோமான் நம்மைத் திருத்த வரவில்லை. பந்து ஆட வந்தவன்.

சிரிப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். இப்படிச் சிரிக்கலாமா என்று இடைவேளையில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றமே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில், குறைபாட்டைக் கேலிப்பொருளாக்கி மனிதரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டை நமக்குப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது அந்தத் தீர்ப்பு. படம் எடுக்கும்போது குறைபாடு உள்ளவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது.

எலிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அணியில் ஒருவனான ஹுவான்மாவுக்குத் தண்ணீரென்றால் நடுக்கம், குளிக்கவே மாட்டான். ஆனால் விலங்குகள் என்றால் உயிர். குளியலறையில் ஒரு எலி மாட்டிக்கொண்டது, நீ போய்க் காப்பாற்று என்று அனுப்புகிறார்கள். பயத்தையும் மறந்து தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறான். நாம் சிரிக்கிறோம். எதைப் பார்த்து? அவன் அசட்டுத்தனத்தைப் பார்த்து அல்ல. கத்தியும் மிரட்டியும் காரியம் சாதித்துப் பழகிய பயிற்சியாளருக்கு, ஒருவனுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் போதும் என்பது இவ்வளவு தாமதமாகப் புரிகிறதே என்றுதான். அந்த அம்மாவுக்கு என் பதில்: தாராளமாகச் சிரிக்கலாம்.

இறுதியாட்டத்தில் அவர்கள் தோற்கிறார்கள். தோற்றுவிட்டு எதிரணியைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். மார்கோ திகைத்து நிற்கிறார். வெற்றியின் மதிப்பு தெரியாததால் குதிக்கிறார்கள் என்று இதை வாசித்துவிடக் கூடாது. சிட்னி அணி 87-63 என்று ஜெயித்த ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தோல்வியைப் பாருங்கள். இது யாரும் யாரையும் ஏமாற்றாத ஆட்டம். ரோமான் மறுபடி அணிக்கு வந்து, முழு மனதோடு ஆடிய ஆட்டம்.

சரி, திரைக்கு வெளியே ரோமானைப் போன்றவர்களின் நிலைமை என்ன? 2012 லண்டனில் கதவு பாதி திறந்தது. அறிவுத்திறன் எண் 75க்கு மேல் இருக்கக் கூடாது, அன்றாட வாழ்க்கைத் திறன்களில் குறை இருக்க வேண்டும், அது 18 வயதுக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பவை அப்போதைய அடிப்படை விதிகள். ஒரு சான்றிதழைக் காட்டி இனி உள்ளே வர முடியாது. நினைவு, எதிர்வினை வேகம் முதலியவற்றைச் சோதிக்கிறார்கள். அந்தந்த விளையாட்டில் குறைபாடு எப்படிப் பாதிக்கிறது என்பதையும் தனியே பார்க்கிறார்கள். இப்படித் தடகளம், நீச்சல், மேசைப்பந்து மூன்றும் திரும்ப வந்தன. 2024 பாரிஸிலும் அதே மூன்றுதான். கூடைப்பந்து வரவேயில்லை.

பாதிக் கதவு திறந்ததன் பலனை நாம் கண்ணால் பார்த்தோம். தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கல்லெடா என்ற கிராமம். அங்கே அறிவுசார் குறைபாட்டோடு பிறந்த தீப்தி ஜீவஞ்சியை ஊரார் கேலி செய்ததையும், பெற்றோர் பட்ட துன்பத்தையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 400 மீட்டரை 55.07 நொடியில் ஓடி, அவர் பிரிவில் உலக சாதனை படைத்தார். செப்டம்பரில் பாரிஸில் 55.82 நொடியில் வெண்கலம். அவர் ஓடுகிறவராக இருந்ததால் ஓட ஒரு தடம் இருந்தது. அவரைப் போலவே ஒரு பெண் நம்மிடையே அருமையாகப் பந்தைக் கூடையில் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாராலிம்பிக் என்ற கனவு அவளுக்கு இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் புதிதாகப் பாரா கிளைம்பிங் சேர்ந்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் கூடைப்பந்து அதிலும் இல்லை. ஒரே கதையைக் குறைந்தது மூன்று நாடுகள் படமாக எடுத்துக் கொண்டாடிவிட்டன. அந்த ஆட்டத்துக்கு இடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய மேடைகளில் ஒன்று சிறப்பு ஒலிம்பிக்ஸ். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் முன்னெடுத்து, 1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் தொடங்கியது. திறமை ஏறக்குறைய சமமாக இருப்பவர்களைக் குழுக்களாகப் பிரித்து மோதவிடுவது அதன் வழி. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் பிரிவும் அங்கே உண்டு. யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தே ஆடுகிறார்கள். நம் மாநிலத்திலும் மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பையிலும் அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

அப்படி ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். காலை வெயிலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பந்தலுக்குக் கீழே விருந்தினர்களுக்குப் பொன்னாடை. ஒருவர் மாற்றி ஒருவர் பேசுகிறார்கள். எல்லோரும் தெய்வக் குழந்தைகள் என்கிறார்கள். வரிசையில் நின்ற ஒரு பையன் பந்தை இடுக்கிக்கொண்டு, எப்போ சார் விளையாடுறது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. விருந்தினர்களின் கார்கள் கிளம்பிவிட்டன. கேலரியில் பெற்றோரும் ஆசிரியர்களும் தவிர யாரும் இல்லை. அந்தப் பையன் இடப்பக்கம் போவது போல உடம்பை ஆட்டிவிட்டு வலப்பக்கம் வெட்டிப் போய்ப் பந்தைப் பலகையில் தட்டிக் கூடையில் இறக்கினான். கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடிபடாத வித்தை அது. அதைப் பார்த்துக் கத்த அங்கே ஒரு கூட்டம் இல்லை.

அதனால் உங்கள் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த மாவட்டப் போட்டி எப்போது என்று செயலாளர் விசாரித்து வைக்கட்டும். அந்த நாளில் திரையிடல் வேண்டாம். எல்லோரும் மைதானத்துக்குப் போவோம். பொன்னாடை, மேடை, பேச்சு எதுவும் கிடையாது. குடையும் தண்ணீரும் எடுத்து வாருங்கள். கடைசி ஆட்டம் முடியும்வரை கேலரியில் உட்காருவோம். கூடைப்பந்து விதிகள் தெரியாதவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லித் தருகிறேன்.